ஜன்னலுக்கு அடித்த ரெக்ஸின்

பேரத்தில் செபாஸ்டியனை யாரும் ஜெயித்ததில்லை என்பது அவனே பரப்பிய செய்தி. கறிக்கடையில் எலும்பைத் தள்ளிவிட்டு ஈரலை வாங்கிக்கொண்டு வருகிற கை அது. ஆனால் அவன் அதிகம் பீற்றிக்கொண்டது, 1984இல் அம்பத்தூர் போல்ட் கம்பெனியில் ஃபோர்மேன் உலகநாதனோடு போட்ட பேரத்தைப் பற்றித்தான். யாரும் சீண்டாத இரவு ஷிப்டை இவன் நிரந்தரமாக ஏற்றுக்கொள்வான். பதிலுக்கு ஞாயிறு பகலும் இரவும் இவனுக்கு லீவு. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அடித்துக்கொள்ள, இவன் பூசை பார்த்து, கறி தின்று, காலை நீட்டிக்கொண்டிருப்பான்.

மற்ற நாளில் பகலில் தூங்கியாக வேண்டுமே. நெமிலிச்சேரியில் வீடு ஒரே அறை. கிழக்குப் பார்த்த ஒரே ஜன்னல். பூந்தமல்லியில் பஸ் சீட் தைக்கிற கடையில் கறுப்பு ரெக்ஸின் வாங்கி, ஒரு முழம் சும்மாவும் பிடுங்கி வந்து, ஜன்னலைச் சுற்றி ஆணி அடித்தான்.

"பாரு செலின், பகல் பன்னெண்டுக்கு நடுராத்திரி கீது," என்றான் மனைவியிடம்.

செலின் சிரித்தாள். அப்புறம் ஒன்பது வருடம் அந்த நடுராத்திரியில்தான் அவள் அரிசி களைந்தாள், சத்தம் வராமல் பாத்திரம் கவிழ்த்தாள். கதவைத் திறந்தால் வெளிச்சம் அவன் முகத்தில் விழும். அதனால் விடியுமுன்பே தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவாள்.

ஞாயிறு இரவுகளில் அவனுக்குத் தூக்கம் வராது, பழகிய உடம்பு. செலினும் விழித்திருப்பாள். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு இருவரும் தாயம் ஆடுவார்கள். எப்போதும் அவனே ஜெயிப்பான். "எனக்குத் துணையா முழிச்சிகினு கீறா மச்சான், எவனுக்குக் கிடைக்கும்?" என்று கம்பெனியில் சொல்லிக்கொள்வான்.

1993இல் அவனுடைய பகல் தூக்கமும் கெட்டது. செலினையும் கூட்டிக்கொண்டு ஆவடியில் டாக்டர் தாட்சாயிணியிடம் போனான்.

"ஒரு மாத்திரை குடுங்க டாக்டர். ரெண்டா இருந்தாலும் சரி."

"மாத்திரை எதுக்கு? வேலை முடிஞ்சு ரயில்ல வரும்போது காலை வெயில் கண்ணுல படுதில்ல, அதுதான் கெடுக்குது. இருட்டினா மூளையில மெலடோனின்னு ஒண்ணு சுரந்து, தூங்குற நேரம்னு உடம்புக்குச் சொல்லும். வெளிச்சம் பட்டா நின்னுடும். காலை வெளிச்சத்தை வச்சுத்தான் உடம்பு மணி பாக்குது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்க."

சொல்லிக்கொண்டே டாக்டர் பெஞ்சைப் பார்த்தார். பகல் பதினோரு மணிக்கு செலினின் தலை ஆடி விழுந்துகொண்டிருந்தது.

"இவங்க எப்படித் தூங்குறாங்க?"

"அவளுக்கு இன்னா டாக்டர், ஊட்லதான கீறா."

செலின் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ராத்திரில கண்ணு மூடாது டாக்டர். அஞ்சாறு வருசமாச்சு. பகல்லதான் சொக்கும். அப்ப நானும் படுத்துட்டா சோறு யாரு ஆக்குறது?"

டாக்டர் வீட்டைப் பற்றி விசாரித்தார். ரெக்ஸின் வாங்கிய கதையை செபாஸ்டியன் பெருமையாகத்தான் ஆரம்பித்தான். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இவங்க வெயிலையே பாக்கல," என்றார் டாக்டர்.

ரயிலில் கேட்டான்: "ஏன்டி சொல்லல?"

"நீங்க எப்ப முழிச்சிருந்தீங்க, நான் சொல்ல?"

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னிக்கு ஒரு நாளுதான் சந்தோசமா இருப்பீங்க."

மறுநாளே உலகநாதனிடம் ஞாயிற்றைத் திருப்பிக் கொடுத்து, பகல் ஷிப்டு கேட்டான். பேரமே பேசாமல் அவன் ஒரு காரியம் முடித்தது அன்றுதான். ரெக்ஸினைப் பிடுங்கியபோது செலின் இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். தினம் காலை அரைமணி வெளிச்சத்தில் உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். ராத்திரித் தூக்கம் மெல்லத்தான் திரும்பும், எவ்வளவு நாளாகும் என்று சொல்ல முடியாது என்றும் சொல்லியிருந்தார்.

மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு செபாஸ்டியனுக்கு விழிப்பு வந்தது. ஜீரோ வாட் பல்பின் கீழே செலின், மடித்த துண்டின்மேல் சத்தம் எழாமல் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஆளில்லை. அவனுக்கும் சேர்த்து அவளே ஆடினாள்.

"யாரு ஜெயிக்கிறா?"

"நீங்கதான். எப்பவும் போல."

அவன் எழுந்து வந்து குனிந்து பார்த்தான். அவனுடைய காயை வெட்ட அவளுக்கு இரண்டு இடத்தில் வழி இருந்தது. வெட்டாமல் விட்டிருந்தாள்.