இப்ப என்ன பண்றீங்க?

"சும்மா இருக்கேன்" என்று அந்த அறையில் யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. டீச்சர் போட்ட சட்டம்.

அவள் உண்மையில் டீச்சர் அல்ல. அகதியாக வந்தவர்களுக்கு வேலை தேடிக் கொடுக்க, அரசாங்க நிதியில் நடக்கிற மையம் ஒன்றின் ஊழியர். ஆளுக்கொரு கோப்பு திறந்து, அந்த ஆளுக்கு ஒரு வழி பிறக்கும்வரை கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் அவள் வேலை. செவ்வாயும் வியாழனும் நேர்முகத் தேர்வுக்குப் பாடம் எடுப்பதால் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் அவளும் இதே பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். "இப்ப என்ன பண்றீங்க?" என்று ஒரு முதலாளி கேட்டதற்கு, "சும்மா வீட்லதான் சார்" என்று சொல்லி, கைக்கு வந்த வேலையைக் கோட்டைவிட்டவள். பன்னிரண்டு வருடமாகியும் தன் மேலேயே அவளுக்கு அந்த எரிச்சல் தீரவில்லை.

"முதுகு நேரா இருக்கட்டும். கண்ணப் பாத்துப் பேசுங்க. மூணே வரி. நான் யாரு, எத்தன வருஷ அனுபவம், இப்ப என்ன பண்றேன். மூணாவது வரியில முழுங்கினீங்கன்னா வேல போச்சு."

எல்லோரும் மூன்றாவது வரியில்தான் முழுங்கினார்கள். அதிலும் லிஃப்ட் மெக்கானிக் முழுங்குவதைப் பார்க்கச் சகிக்காது. பதினேழு வருடம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆறு லிஃப்டுகளைக் கட்டி மேய்த்த மனுஷன். இங்கே உரிமம் இல்லாமல் லிஃப்டின் பொத்தானை அமுக்கலாம், அதற்கு மேல் தொடக் கூடாது. முதல் இரண்டு வரியைக் கணீரென்று சொல்லிவிட்டு, "இப்ப..." என்று ஆரம்பித்துத் தரையைப் பார்ப்பார்.

"ஏண்ணே, உங்க கைல இருந்த தொழில் எங்கயாவது ஓடிப்போச்சா? போன வாரம் உங்க கட்டடத்துல பக்கத்து வீட்டம்மா லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்களே, யாரு வெளிய எடுத்தது?"

"நான்தான் டீச்சர்."

"அப்புறம் என்ன? 'இப்ப ஒரு கட்டடத்துல லிஃப்ட் வேல பாத்துக்கிட்டு இருக்கேன்.' இது பொய்யா?"

"முழுப் பொய்யின்னு சொல்ல முடியாது."

"அப்ப இருபது தடவ சொல்லுங்க."

சொன்னார். வீட்டிலும் கண்ணாடி முன்னால் நின்று சொன்னாராம். மனைவி சிரிப்பு தாங்காமல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாளாம். மூன்று மாதத்தில் அந்த வரி அவர் வாயில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த மனைவி ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். வெந்நீரும் சோப்புத் தூளும் தின்று அவள் விரல்களில் தோலே நிற்பதில்லை. "எட்டு மாசம் பொறுத்துக்கோ. லைசென்ஸ் வந்த அன்னைக்கே நீ அந்த வேலைய விட்டுடு" என்று மெக்கானிக் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். லைசென்ஸ் படிப்பு வருடத்துக்கு ஒரு முறைதான் தொடங்கும். மையத்துக்கு ஒதுக்கியது ஒரே ஒரு இடம். அதை அவருக்கு வாங்க டீச்சர் ஏறாத படி இல்லை, பிடிக்காத கால் இல்லை. வாங்கியும் விட்டாள். நிபந்தனை ஒன்றுதான்: வகுப்பு தொடங்கும் நாளில் மாணவரின் கோப்பு மையத்தில் திறந்திருக்க வேண்டும். அதாவது, அவர் இன்னும் வேலை தேடுகிறவராக இருக்க வேண்டும். இன்னும் பத்தொன்பது நாள். அதுவரை அவருக்கு வேலை கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை தேடிக் கொடுக்கிற மையத்தில் அவளுடைய வேலை. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும், ஆனால் விதி அப்படி.

இதற்கிடையில் நிதி கொடுக்கும் இலாகாவிலிருந்து அதிகாரியம்மா பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்திருந்தது. வந்து பார்த்து எழுதினால்தான் அடுத்த வருடத்துக்கு நிதி. மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருக்குச் சதவீதம் என்று ஊழியர்கள் பெயர் வைத்திருந்தார்கள்; மனிதர் காலை வணக்கத்தைக்கூட சதவீதத்தில்தான் சொல்வார் என்று கேலி. நாற்பது பேருக்கு வேலை வாங்கித் தர வேண்டும் என்பது வருடக் கணக்கு. முப்பத்தொன்பதில் நின்றது.

அதைவிடப் பெரிய தலைவலி, மையம் நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் செத்து எட்டு மாதம் ஆகிறது. கட்டடக்காரர் மையம்தான் சரிசெய்ய வேண்டும் என்றார். இலாகாவோ, வேலைவாய்ப்புக்குக் கொடுத்த நிதியில் லிஃப்டுக்கு இடமில்லை என்றது. ஊன்றுகோலோடு வருகிற ஒருவருக்காக டீச்சர் கோப்புகளைச் சுமந்துகொண்டு கீழே இறங்கி, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்புவாள். அதற்கெல்லாம் அசையாத சதவீதம், அதிகாரியம்மாவுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டதும் பதறிப்போனார்.

அதிகாரியம்மா வரும் நாளன்று காலை டீச்சர் வந்தபோது லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மெக்கானிக், சட்டைக் கையை மடித்துவிட்டு, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சதவீதம் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே இது? லைசென்ஸ் இல்லாம கைய வைக்கலாமா? யாராவது பாத்தா வம்பு."

"ஒண்ணுமில்ல டீச்சர், கதவு கான்டாக்ட்ல அழுக்கு. கதவு மூடியாச்சுங்கிற சேதி மேல போகல, அதான் நகர மாட்டேங்குது. துடைச்சுவிட்டா போதும்."

எட்டு மாதம். எத்தனை கடிதம், எத்தனை கூட்டம். ஒரு துண்டுத் துணியும் நாற்பது நிமிடமும் போதுமாயிருந்திருக்கிறது. லிஃப்ட் மெல்ல முனகிக்கொண்டு மேலே போய்க் கீழே வந்தது. மெக்கானிக் அந்தச் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்ட விதத்தைப் பார்த்து, திட்ட வாயெடுத்தவள் பேசாமல் இருந்துவிட்டாள். இந்த ஊருக்கு வந்தபின் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்திருந்தால் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

அதிகாரியம்மா சொன்ன நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். நல்ல மாதிரியான பெண்மணிதான், அதுதான் வினை. சதவீதம் குழைந்து வரவேற்று லிஃப்டுக்குள் அழைத்துப்போனார். டீச்சரும் ஏறினாள். முதல் ஓட்டமாயிற்றே, நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று மெக்கானிக்கும் உள்ளே நின்றார். கதவு மூடியது.

அதிகாரியம்மா மெக்கானிக்கின் கையிலிருந்த துணியைப் பார்த்தார். சிரித்தார்.

"வணக்கம். நீங்க யாரு? இப்ப என்ன பண்றீங்க?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. கேட்டவர் கண்ணைத்தான் பார்க்க வேண்டும் என்று அவளேதான் சொல்லிக் கொடுத்திருந்தாள். முதுகை நிமிர்த்தினார்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வருஷ அனுபவம் இருக்கு. இப்ப ஒரு கட்டடத்துல லிஃப்ட் வேல பாத்துக்கிட்டு இருக்கேன்."

ஒரு தடங்கல் இல்லை, ஒரு முழுங்கல் இல்லை.

"அட, பிரமாதம்! இந்த மையம் மூலமா வேலைக்குப் போனவரா?" என்றார் அதிகாரியம்மா.

"நூத்துக்கு நூறு, மேடம்! நம்ம ஆளுதான்!" என்றார் சதவீதம்.

அதிகாரியம்மா கையிலிருந்த டேப்லெட்டில் பெயரைத் தேடி, 'வேலை கிடைத்தது' என்ற கட்டத்தைத் தொட்டார். நாலாவது மாடி வருவதற்குள் மெக்கானிக்கின் கோப்பு மூடப்பட்டுவிட்டது.

கதவு திறந்ததும் டீச்சர் முந்திக்கொண்டாள். "மேடம், ஒரு நிமிஷம். அது நாங்க பயிற்சிக்காகச் சொல்லிக் கொடுத்தது. அவரு வேலைல இல்ல."

அதிகாரியம்மா நின்றார். முகம் மாறியது. "வேலைல இல்லையா? அப்ப இந்த லிஃப்ட யாரு சரி பண்ணது? லைசென்ஸ் உள்ள கம்பெனிக்காரங்க கூட உதவியாளா வேல பாக்குறாருன்னுல்ல நான் நினைச்சேன்? தனியா கைய வச்சிருந்தா அது குற்றமாச்சே. ஆயுசுக்கும் லைசென்ஸ் கேக்க முடியாதே."

சதவீதம் பின்னால் வந்து டீச்சரின் புடவைத் தலைப்பை இழுக்காத குறைதான். மெக்கானிக் ஒன்றும் புரியாமல், சரியாகச் சொன்னேனா என்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் என்றைக்குமே இல்லை. சொல்லாவிட்டால் இந்த வருடம் இல்லை.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன், மேடம்" என்றாள்.

அடுத்த பதினெட்டு நாளும் அவள் போன் பண்ணாத இலாகா இல்லை. படிப்பு நடத்தும் இடத்தில், கோப்பு மூடியவரைச் சேர்க்க முடியாது என்றார்கள். கோப்பைத் திறக்கச் சொன்னால், வேலை போய்விட்டது என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி வா என்றது இலாகா. முதலாளி என்று காட்ட வேறு ஆள் இல்லாததால் அந்தக் கடிதத்தைக் கேட்டுக் கட்டடக்காரரிடம் போனாள்.

"ஏம்மா, நான் வேலைக்கே வைக்கலியே! வைக்காத ஆள எப்படிம்மா நிறுத்துறது?"

"ஒரு வரி எழுதிக் கொடுங்க சார், புண்ணியமாப் போகும்."

"எழுதினா நான்தான் வச்சிருந்தேன்னு ஆயிடும். அப்புறம் லைசென்ஸ் இல்லாதவன ஏன் வச்சேன்னு என்னைக் கேப்பாங்க. ஆள விடும்மா."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. யார் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஒருத்தராவது கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பாள். பத்தொன்பதாவது நாள் வகுப்பு தொடங்கியது. அவருடைய இடத்தில் வேறு மையத்து ஆள் உட்கார்ந்தார். மெக்கானிக்கின் மனைவி அன்றும் சலவைக்கூடத்துக்குப் போனாள்.

மறுவாரம் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. நாற்பதுக்கு நாற்பது, நிதி தொடரும், பாராட்டுகள். சதவீதம் எல்லோருக்கும் இனிப்பு வாங்கினார். டீச்சர் தன் பங்கைத் தொடவில்லை.

"கோவிச்சுக்காதம்மா. உன் அறுபது கோப்புக்கும் சேத்துதான் இந்த நிதி" என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆண்டறிக்கைக்கு ஒரு வெற்றிக் கதை கேட்டிருக்காங்க. லிஃப்ட் பக்கத்துல நிக்க வச்சு ஒரு போட்டோ, அவரு வாயால மூணு வரி. அதிகாரியம்மாவே அவரத்தான் கேட்டாங்க."

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் சதவீதமே மெக்கானிக்குக்கு போன் போட்டுவிட்டார்.

அவர் வந்தார். நேர்முகத் தேர்வுக்கென்று அவள் எடுத்துவைக்கச் சொன்ன வெள்ளைச் சட்டை; படிய வாரிய தலை. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் மறுபடி நின்று நாலு நாளாகிறது. எதனால் நின்றது என்று அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ஆனால் இந்த முறை கதவுப் பக்கமே போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார்.

டீச்சர் போனை உயர்த்தினாள். திரையில் அவர் முகம் தெரிந்தது. கோபமில்லை, குற்றம் சொல்லவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். போட்டோ மட்டும் போதும்."

"பரவால்ல டீச்சர். படிச்ச பாடம்தானே."

முதுகை நிமிர்த்தினார். அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

"நான் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வருஷ அனுபவம் இருக்கு. இப்ப..."

அதோடு நிறுத்திக்கொண்டார். தரையைப் பார்க்கவில்லை. அடுத்த வரியை அவள் சொல்லிக் கொடுப்பாள் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.