வாங்க வராத வாடிக்கையாளர்

சேதுபதியின் இசைக்கருவிக் கடையில் ஒரு காலத்தில் ஆறு கீபோர்டுகள், யார் வேண்டுமானாலும் வாசித்துப் பார்க்கலாம் என்று திறந்திருந்தன. 1985-இல் ஒன்றே ஒன்று. ஏன் என்று கேட்டால் மனிதர் பொரிந்து தள்ளிவிடுவார். சிராங்கூன் சாலையில் போகிற சனமெல்லாம் உள்ளே நுழைந்து ஆசை தீரத் தட்டும். வாங்கும்போது மட்டும், "பெட்டி பிரிக்காததா குடுங்க" என்று நிற்கும். ஊரே கைவைத்ததற்குச் சந்தனம் குங்குமம் வைக்க யாருக்கு மனசு வரும்? ஆக, திறந்தது விலை போகாது.

அந்த ஒற்றைக் கீபோர்டை நம்பித்தான் உர்சுலாவின் மானம் இருந்தது. தஞ்சோங் பகாரில் டைப்பிஸ்ட் வேலை, பிடோக்கில் அடுக்குமாடி வீடு. அங்கே வாத்தியம் என்று ஒரு விசில்கூடக் கிடையாது. ஈஸ்டர் பூசைக்கு வாசிக்கக் கோயிலில் ஆள் தேடியபோது, பள்ளியில் கன்னியாஸ்திரிகளிடம் கொஞ்சம் பழகிய தைரியத்தில், "நான் வாசிக்கிறேன் ஃபாதர்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். கோயிலுக்கும் இனிமேல்தான் கீபோர்டு வாங்க வேண்டும். அதிலிருந்து ஐந்து மாதமாக, சனிக்கிழமை தவறாமல், வாங்கப்போகிறவளைப் போல வந்து உட்கார்ந்து பழகினாள்.

இப்போது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். அவள் வாசித்ததெல்லாம் சிலுவைப்பாதைப் பாட்டு. வாசல்வரை வந்தவர்கள், உள்ளே ஏதோ துக்கம் என்று நினைத்து நடையைக் கட்டினார்கள்.

"இதையும் ஸ்டோர்ல தூக்கி வச்சிடப்போறேன்ம்மா" என்றார் சேதுபதி. "இல்லன்னா சந்தோஷமா ஒண்ணு வாசிங்க லா."

ஈஸ்டருக்கு இரண்டே வாரம். சந்தோஷமாக உர்சுலாவுக்குத் தெரிந்தது அல்லேலூயா ஒன்றுதான்; தவக்காலத்தில் அதைப் பாடவே கூடாது. தவக்காலம் தொடங்கியதிலிருந்து பாவத்துக்குப் பயந்து அதை மட்டும் அவள் தொடாமலே வைத்திருந்தாள்! வாயா பாடுகிறது, விரல்தானே என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திவிட்டு ஆரம்பித்தாள்.

இரண்டு வரி தாண்டவில்லை. கோயிலுக்குக் கீபோர்டு வாங்க வந்த, அதன் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைத் தலைவர் இஞ்ஞாசி வாசலில் நின்றார்.

"தவக்காலத்துல அல்லேலூயாவா?"

உர்சுலாவின் கை அப்படியே நின்றது. ஈஸ்டரும் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தாள்.

"நான்தான் சார் வாசிக்கச் சொன்னேன்" என்று சேதுபதி குறுக்கே புகுந்தார். "சவுண்ட் எப்படி, பார்த்தீங்களா?"

இஞ்ஞாசி முறைத்தார். ஆனாலும் சவுண்ட் பிடித்துப் போயிற்று.

"சரி. பெட்டி பிரிக்காததா ஒண்ணு குடுங்க."

உர்சுலாவுக்கு உயிர் வந்தது. "நாளையிலேருந்து கோயில்லயே பழகட்டுமா அங்கிள்?"

"பழகுறதா? ஈஸ்டர் அன்னிக்கு ஃபாதர் மந்திரிச்சு ஆசீர்வதிக்கிற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே!"

பெட்டியோடு அவர் டாக்சி ஏறிப்போனார். உர்சுலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, நான் வாங்க வரல. ஒருநாளும் வாங்கப்போறதில்ல."

"தெரியும்மா. வாங்குறவன் மூணு தட்டு தட்டிட்டு விலை கேப்பான். ஐஞ்சு மாசமா எவன் வாசிப்பான்?"

ஸ்டோரிலிருந்து மின்சாரக் காற்றாடியை எடுத்துவந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"முதல்லேருந்து வாசிங்க. எந்தப் பாட்டா இருந்தாலும் மேல ஏறுற இடத்துல அவசரப்படுறீங்க. அதை மட்டும் சரி பண்ணுங்க."