வீட்டுப்பெயர் இல்லாத வரிகள்

வெங்கடசாமி சார் அச்சான தாள்களை லோயிஸின் மேசையில் வீசியதில், ஓரத்தில் துளை போட்ட அந்தத் தாள் தரைவரை மடிப்பு மடிப்பாக இறங்கியது.

"சத்தியவேடு மார்க் கட்டுல பாதி ஆளு பரீச்சைக்கு வரலன்னு வந்து கீது. இருநூத்திப் பதினோரு பேரு! மார்க்க அடிக்காம இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?"

"அடிச்சேன் சார்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா? ஐதராபாத் இஞ்சினீரு எழுதின ப்ரோக்ராம்மா அது. நாலு மணிக்கு லிஸ்ட் போவணும். நாளைலருந்து நீ வராத."

எண்பத்தெட்டில் திருப்பதியில் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் ஓடிய அறைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒன்றில், தேர்வு முடிவு தயாரிக்கும் அலுவலகத்தில், நான் ஆபரேட்டர். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பக்தி இல்லை, தூசி. லோயிஸ் சித்தூர் மிஷன் சபைக் குடும்பத்துப் பெண். ஐந்து மாதமாகத் தினக்கூலிக்கு எண்ணும் பெயரும் மார்க்கும் அடிப்பவள். அவள் திரையில் மெனு மட்டும்தான் வரும். கட்டளை கொடுக்கும் இடம் எங்களைப் போன்ற பெரிய மனிதர்களுக்கு.

அழுவாள் என்று நினைத்தேன். வெல்ல மண்டியில் வளர்ந்தவன், முகம் பார்த்து ஆளை எடை போடுவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அவள் தாளைத் தூக்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"சோம்பேறித்தனமா விட்டிருந்தா மொத்தமா இல்ல விட்டிருப்பேன்? ஒருத்தர உட்டு ஒருத்தரயா உடுவேன்? விட்டுப் போனவங்க பேரப் பாருங்க சார். ஏழுமலை. அசரியா. மணியம்மா. முன்னால ஒண்ணுமே இல்ல."

"அதுக்கு?"

"தெலுங்குக்காரங்களுக்கு மொதல்ல நம்பரு, அப்பறம் இன்டிபேரு, அதான் வீட்டுப் பேரு, அப்பறம் சொந்தப் பேரு. மார்க் நாலாவது. எங்க சபை ரிஜிஸ்தர்ல ஞானஸ்நானப் பேரு மட்டுந்தான். ஏழுமலை மாதிரி எல்லை ஊரு கூலிக்காரங்க பசங்கள இஸ்கூல்ல சேக்கசொல்ல யாரு இன்டிபேரு கேட்டா? இவங்களுக்கு மார்க் மூணாவதுல கீது. உங்க ப்ரோக்ராமு நாலாவதுல தேடிக்கினு கீது."

சார் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இஞ்சினீருக்கு டிரங்க் கால் போடுய்யா, வேதாச்சலம்."

"லைன் கிடைக்கறதுக்குள்ள ஏழுமலை பேரன் எடுத்துடுவான் சார்," என்றேன்.

"கால் வேணாம் சார்," என்றாள் லோயிஸ். "முன்னாலருந்து எண்ணாதீங்க. கடைசில இன்னா கீதோ அத எடுன்னு சொல்லுங்க. எத்தினி பேரு வெச்சிருந்தாலும் மார்க் கடைசிலதான்."

யூனிக்ஸ் மேனுவலைப் பிரிண்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தோம். அவள் அதை உருவிப் படித்த மத்தியானங்களில்தான் பிரிண்டர் அப்படி ஆடியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாற்காலியை விட்டு எழுந்தேன். "என் டெர்மினல்ல உக்காரட்டும் சார். தப்பாப் போனா என் தலை, சரியாப் போனா அவங்களுது. இதுக்கு மேல கொறச்சிப் பேச முடியாது."

சார் பதில் சொல்வதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். முதலில் கோப்பை நகல் எடுத்தாள். பத்து வருஷம் மெஷினோடு இருப்பவனே மறக்கும் வேலை அது. பிறகு ப்ரோக்ராமைத் திறந்தாள். டாலர் குறிக்குப் பக்கத்திலிருந்த நாலை அழித்து, அங்கே 'என்', 'எஃப்' என்று இரண்டே எழுத்து வைத்தாள்; வரியில் கடைசியாக இருப்பது என்று அதற்கு அர்த்தம். முழுக் கட்டையும் ஓட்டவில்லை. ஐந்து வரி மட்டும் ஓட்டினாள். அதில் மூன்று வரி தெலுங்குக்காரர்கள். பழைய மார்க் அப்படியே வந்தது. ஏழுமலைக்கு எழுபத்தொன்று. அசரியாவுக்கு ஐம்பத்தெட்டு. மூலத்தாளோடு விரல் வைத்து ஒத்துப் பார்த்தாள். பிறகுதான் மொத்தமும். இருநூற்றுப் பதினோரு பேரும் பரீச்சைக்கு வந்துவிட்டார்கள்.

என் வீட்டுப் பெண் செய்தது போல எனக்கு மார்பு விரிந்தது. பெண்ணுக்கு மேனுவல்கூடத் தராத அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் என்பதும் உறைத்தது.

"இத தனியா சேவ் பண்ணி வெய்யி," என்றார் சார், கூரையைப் பார்த்துக்கொண்டு. "எல்லாக் கட்டுக்கும் இதயே ஓட்டணும். பைலுக்கு இன்னா பேரு?"

"அவங்க பேரையே வெச்சிடலாம் சார்," என்று முந்திக்கொண்டேன். "கூப்பிட வசதி."

லோயிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, நிதானமாக, தன் பெயரை இங்கிலீஷில் நாலு எழுத்தாக அடித்தாள்.

"நாளைக்கு வரட்டா சார்?"

அவர் காதில் விழாததுபோல அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தார். புத்தலப்பட்டு கட்டு காத்திருந்தது; அதை ஓட்ட அந்தப் பெயரை அடித்தாக வேண்டும். ஒற்றை விரலால் 'எல்' எழுத்தைத் தேடிப் பிடித்தார். 'ஓ'வைப் பிடித்தார். விரல் அந்தரத்தில் நின்றது.

"ஐ எங்கம்மா கீது?"

"யூவுக்குப் பக்கத்துல சார்," என்றாள், கையைக் கட்டிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றபடி.