பதினாலு கம்பி

ஐம்பத்தெட்டாம் வருஷம். கொடைக்கானல் மலையில் போளூர் போகிற வழியில், ஓடைக்கு மேல் பன்னிரண்டடி நீளத்தில், ஐந்தடி அகலத்தில் ஒரு பாலம். உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கிற மட்டக்குதிரைகளுக்கு அது போதும். ஆனால் ஓவர்சியராகப் பத்து வருஷம் தேய்ந்து, போன மாதம்தான் ஜூனியர் இன்ஜினியரான குழந்தைவேலுவுக்கு அது தானே கணக்குப் போட்ட முதல் பாலம். வெள்ளிக்கிழமை பெரிய இன்ஜினியர் பார்க்க வருகிறார். கோளாறு என்றால் மறுபடியும் ஓவர்சியர்தான்.

கணக்குக்கு ஸ்லைடு ரூல் வைத்திருந்தார். நடுச்சட்டத்தை இழுத்தால் பெருக்கலும் வகுத்தலும் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். கொடைக்கானல் ஈரத்தில் மரச்சட்டம் ஊதி இறுகும்போது மனைவி பழனியம்மாளின் முகப்பவுடரை எடுத்துப் பூசுவார். அந்த வீட்டில் பழனியம்மாளைவிட ஸ்லைடு ரூல்தான் பளிச்சென்று இருந்தது. அதற்கு ஒரே ஒரு குணக்கேடு. ஒன்று, நாலு என்று இலக்கத்தைக் காட்டுமே தவிர, அது பதினாலா நூற்று நாற்பதா என்று சொல்லாது. அதை ஆள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாலத்துக்குள் வைக்கும் கம்பி நூற்று நாற்பது என்று குழந்தைவேலு முடிவு செய்து, பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஜலீலுக்குச் சீட்டு அனுப்பினார்.

வியாழக்கிழமை ஓடைக்குப் போனால் பதினாலு கம்பிதான் கிடந்தது. பக்கத்தில் ஜலீல் நின்றார்.

"என்ன பாய், கடையை மூடுற உத்தேசமா? மிச்சக் கம்பி எங்கே? இன்னைக்கே உங்க பேருல மேலே எழுதிப் போடுறேன்!"

"எழுதுங்க சார். அதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்க." ஜலீல் எட்டுக் கம்பியை ஒட்டி அடுக்கினார். "எட்டு வச்சா அஞ்சு அங்குலம். நூத்தி நாப்பதையும் இப்படி இடைவெளி இல்லாம அடுக்கினா ஏழடியைத் தாண்டுது. பாலம் அஞ்சடின்னு சீட்டுல நீங்கதான் எழுதியிருக்கீங்க. மிச்ச ரெண்டடி அந்தரத்துல நிக்கும். கான்கிரீட்டை எங்கே ஊத்துவீங்க?"

கொத்தனார்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார்கள்.

குழந்தைவேலு ஸ்லைடு ரூலை உருவி இழுத்தார். அதே ஒன்று, அதே நாலு. ஈரத்தால் சட்டம் கெட்டுவிட்டது என்று முணுமுணுத்தார். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்தானே! பிறகு மனக்கணக்காகப் போட்டார். பதினாலு. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கலாமே பாய்?"

"ஆபீசுக்கு வந்தா நாலு பேரு கண்ணுல படும்ல சார்? சைபர் ஒண்ணு கூடிருச்சுன்னு நானா வச்சுக்கிட்டேன். வெரசா வேலையைப் பாருங்க."

மறுநாள் பெரிய இன்ஜினியர் வந்தார். இடுப்பில் அவருக்கும் தோலுறையில் ஒரு ஸ்லைடு ரூல். கம்பிகளைக் குனிந்து எண்ணினார்.

"கச்சிதமான கணக்கு. யார் சரிபார்த்தது?"

'நானேதான் சார்' என்பது நாக்கு நுனி வரை வந்தது. நேற்று தன் மானத்தைக் காப்பாற்றிய மனிதரின் முகமும் கூடவே வந்தது.

"நான் தப்பாத்தான் போட்டேன் சார். திருத்தினது ஜலீல் பாய். பஜார்ல இரும்புக்கடை."

மறுபடியும் ஓவர்சியர்தான் என்றே குழந்தைவேலு நினைத்தார். பெரிய இன்ஜினியரோ கொத்தனார்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாய் மடித்த தன் கணக்குத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"கடையை எத்தனை மணிக்குத் திறப்பாரு?"