முதலைக்கு எத்தனை பல்?

பதினெட்டு வருடமாக ஒரு தீம் பார்க்கில் புதிர் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். டிக்கெட் கவுன்ட்டர்களுக்கு மேலே ஓர் ஏ.சி. அறையில், சுழல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அடுத்தவர்கள் எங்கே எப்படித் திணற வேண்டும் என்று யோசிப்பேன். பார்க்கில் எல்லோரும் என்னைப் ‘புதிர் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வேறொரு பேர் இருந்தது என்பது இந்த வருட வேஷப் பந்தயத்தன்றுதான் காதில் விழுந்தது.

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் பார்க்கில் வேஷப் பந்தயம் நடக்கும். ஆளாளுக்கு ஒரு வேஷம் போட்டுக்கொண்டு பார்க் முழுக்க ஓட வேண்டும். வழியில் ஏறவும் தவழவும் தொங்கவும் தடைகள் இருக்கும். நடுநடுவே புதிர். தொண்ணூறு நிமிடத்துக்குள் முடிக்கிறவர்களுக்குக் கழுத்தில் ஒரு பித்தளை மணி கட்டி விடுவோம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது.

புதிர்களை நான் வரைபடத்தை வைத்தே போட்டுவிடுவேன். நேரில் போய்ப் பார்த்தால் பார்வை குறுகிவிடும் என்று ஒரு தத்துவம் வைத்திருந்தேன். உண்மையில் எனக்கு வெயில் ஆகாது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தத்துவத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். “ஒரு தடவை நேர்லதான் போய்ப் பாருங்களேன்” என்று என் மனைவி வருடா வருடம் சொல்வாள். “உனக்கு இதெல்லாம் புரியாது” என்று நானும் வருடா வருடம் சொல்வேன்.

அவள் ஆபரேஷன் தியேட்டரில் சீனியர் நர்ஸ். அங்கே அவளுக்கு முக்கியமான வேலையே எண்ணுவதுதான். கத்தரி எத்தனை, ஊசி எத்தனை, எத்தனை பஞ்சு உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது. அதையும் ஒரு தடவை எண்ணினால் போதாது, இரண்டு தடவை எண்ண வேண்டும். அவள் ‘சரி’ என்று சொல்லாமல் எப்பேர்ப்பட்ட சர்ஜனும் தையல் போட முடியாது. இருபத்தாறு வருடத்தில் அவள் கணக்கில் ஒரு பஞ்சுகூடத் தவறியதில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே குடித்தனம் நடத்திய நான் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆனது. செய்தவர், அவள் தினமும் பக்கத்தில் நின்று கத்தி எடுத்துக் கொடுக்கிற அதே சர்ஜன். “இனிமே நடந்தா போதும் சிஸ்டர். ஓட்டமெல்லாம் மறந்துடுங்க” என்று சொல்லி அனுப்பினார் அவர். இந்த வருடப் பந்தயத்துக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் லிஃப்டை விட்டுவிட்டு ஏழு மாடியும் படியேற ஆரம்பித்தாள்.

“எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேலை?” என்றேன்.

“அந்த மணியைக் கொண்டு போய் டாக்டர் மேஜை மேல வைக்கணும். ஒரு வார்த்தை பேச மாட்டேன். வெச்சுட்டு வந்துடுவேன்.”

சொன்ன விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது விளையாட்டு இல்லை என்று. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? அவள் ஆமை வேஷம் போடப்போவதாகச் சொல்லி, ஓடு செய்ய எங்கள் வீட்டு விருந்தாளி மெத்தையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தாள். “ஆமையா? ரொம்பப் பொருத்தம்” என்று நக்கலடித்தேன்.

பார்க்கில் வேலை செய்கிறவர்களும் அன்றைக்கு வேஷம் போட்டே ஆக வேண்டும். நான் ஆந்தையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். குழந்தைகள் புத்தகத்தில் எல்லாம் அறிவாளி ஆந்தைதானே.

“அதுவும் பொருத்தம்தாங்க. முழிக்கிறதுக்கு” என்றாள் அவள், மெத்தையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பந்தயத்தன்று எனக்கு மூன்றாவது தடுப்பில் காவல். ஓர் உயரமான ஸ்டூல், கையில் ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் தடுப்புக் கட்டை மேலே போகும், ஆள் உள்ளே போகலாம். அதற்கு முந்தைய தடை, சிமென்ட்டில் கட்டிய ஒரு பெரிய முதலை. வாய் வழியாகத் தவழ்ந்து நுழைந்து வால் வழியாக வெளியே வர வேண்டும். வாய்க்குப் பக்கத்தில் பலகை வைத்திருந்தோம்: ‘எனக்கு எத்தனை பல்? எண்ணிக்கொண்டு போ.’ இரும்பில் பற்கள் செய்து வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். வரைபடத்தில் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு. ஆக இருபத்து நான்கு. ஒரு தடவைக்கு ஒரு பதில்தான். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலைவரை போய்த் தவழ்ந்து எண்ணிவிட்டு வர வேண்டும்.

முதலில் வந்தது முயல் வேஷம் போட்ட ஓர் அண்ணன் தம்பி. “இருபத்தி ரெண்டு” என்றார்கள். தப்பு என்று திருப்பி அனுப்பினேன். போய் வந்து “இருபத்தி மூணு” என்றார்கள். மறுபடி அனுப்பினேன். மூன்றாவது தடவை தலையைச் சொறிந்துகொண்டே “இருபத்தி நாலா இருக்குமா சார்?” என்றான் தம்பி. கயிற்றை இழுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த கொள்ளைக்காரன், ராணி, ரோபோ, எல்லோரும் டாண் டாண் என்று “இருபத்தி நாலு” சொல்லிவிட்டுப் போனார்கள். ஜனங்கள் எவ்வளவு அழகாக எண்ணுகிறார்கள் என்று எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. அந்த முயல்கள் வேலிக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் விடையைக் கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார்கள். ஆந்தைத் தலைக்குள் இருந்த எனக்கு அது எங்கே கேட்டது?

ஐம்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆமை வந்தது.

முகமெல்லாம் வியர்வை, மெத்தை ஓடு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, ஆனால் இரண்டு காலும் ஒழுங்காகத் தரையில் பட்டன. எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இன்னும் முப்பத்திரண்டு நிமிடம் இருந்தது. பாக்கி கயிற்றுச் சுவரும் சறுக்கும்தான். மணி கையில் வந்த மாதிரிதான்.

“இருபத்தி ரெண்டு” என்றாள்.

அடிப்பாவி, அத்தனை பேர் சரியாகச் சொன்னதை நீ கோட்டை விடுகிறாயே! ஆனால் பெண்டாட்டிக்குக் கதவைத் திறந்துவிட்டான் என்று பேர் வந்துவிடக் கூடாதே. குரலைக் கனமாக்கிக்கொண்டு, “தப்பு. போய் இன்னொரு தடவை எண்ணிட்டு வாம்மா” என்றேன்.

“ரெண்டு தடவை எண்ணிட்டுத்தாங்க வந்தேன்.”

“இன்னொரு தடவை.”

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அறுபத்தைந்தாவது நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

“இருபத்தி ரெண்டுதாங்க. கீழ நடுவுல, முட்டி போடுற இடத்துல ரெண்டு பல்லு இல்ல. வேணும்னா நீங்களே வந்து பாருங்க.”

“காவல்ல இருக்கிறவர் தடுப்பை விட்டு நகரக் கூடாது. அதான் விதி” என்றேன். அந்த விதியை எழுதியதும் நான்தான்.

அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு தேவதை மெதுவாகச் சொன்னது: “அக்கா, இருபத்தி நாலுன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“இல்லாத பல்லை எப்படிம்மா இருக்குன்னு சொல்றது? அப்புறம் நாளைக்குத் தியேட்டர்ல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எண்ணுவேன்?”

இதுவும் என் காதில் விழுந்தது. எல்லோரும் சொல்கிறார்கள் என்றால் அதுதானே சரி என்று நினைத்துக்கொண்டேன். அவளைத் திரும்ப அனுப்பினேன். எழுபத்து மூன்றாவது நிமிடத்தில் வந்து அதே இருபத்திரண்டைச் சொன்னாள். இப்போது வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. பாவம் வேறு, கணக்கு வேறு என்று என்னையே பாராட்டிக்கொண்டு மறுபடி அனுப்பினேன்.

எண்பத்திரண்டாவது நிமிடத்தில் அவள் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இருபத்தி ரெண்டு. எத்தனை தடவை அனுப்பினாலும் அதான். மூர்க்கனும் முதலையும் கொண்டது விடாதுன்னு சொல்லுவாங்க. இன்னிக்கு ரெண்டையும் ஒரே இடத்துல பாத்துட்டேன்.”

காரட் வேஷத்தில் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் வெல்டர் இதைக் கேட்டுவிட்டு வந்தார். “என்ன சார், அக்காவை ஏன் நிக்க வெச்சிருக்கீங்க? இருபத்தி ரெண்டு சரிதானே?”

“இருபத்தி நாலுய்யா! வரைபடத்துல இருக்கு!”

“கீழ ரெண்டு பல்லை நான்தான் வைக்கலையே சார். தவழ்ந்து வர்றவங்க முட்டியில குத்தும்னு விட்டுட்டேன். போன மாசமே ஒரு தாள்ல எழுதி உங்க மேஜையில வெச்சேனே.”

வைத்தார். நன்றாக நினைவிருக்கிறது. அந்தத் தாளின் மேல்தான் ஒரு மாதமாக என் டீ கிளாஸை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கயிற்றை இழுத்தேன். அவள் என் பக்கம் திரும்பாமல் உள்ளே போனாள். நான் ஸ்டூலிலிருந்து குதித்து, இறகுகள் உதிர உதிரப் பின்னால் ஓடினேன். அவள் கயிற்றுச் சுவரில் பாதி ஏறியிருந்தபோது சங்கு ஊதிவிட்டது. தொண்ணூறு நிமிடம் முடிந்தது. ஒரு நொடி கயிற்றில் அப்படியே தொங்கினாள்.

“நிறுத்தாத! ஏறு!” என்று கத்தினேன்.

“நீங்க பேசாதீங்க!” என்று மேலிருந்து பதில் வந்தது. ஏறிவிட்டாள். சறுக்கில் இறங்கி, மெத்தை ஓட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டினாள். தொண்ணூற்றாறு நிமிடம்.

தேனீ வேஷத்தில் மணிகளைக் கட்டிக்கொண்டிருந்த எங்கள் மேனேஜர் அம்மா உதட்டைப் பிதுக்கினார். “ஆறு நிமிஷம் கூட ஆயிடுச்சே, சிஸ்டர்.”

“மேடம், இருபத்தி நாலு நிமிஷம் நான் வீணாக்கினது” என்றேன். மூச்சு வாங்கியது. “யானைக்கும் அடி சறுக்கும்...”

“யானைக்குச் சரி” என்றாள் என் மனைவி. “ஆந்தைக்கு என்ன கேடு?”

மேனேஜர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டினார். “தப்பு என்னுதுன்னு தடுப்புல இருந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டா நேரத்தைக் கழிச்சுடலாம். எழுபத்தி ரெண்டு நிமிஷம்னு வரும். ஆனா, சார் எழுதுவாரா?”

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு வாக்கியம் நான் எழுதியதில்லை. பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். என் மனைவி அந்தத் தாளின் மேல் கையை வைத்தாள்.

“இருங்க. பாக்காம எழுதுறதுதானே உங்க வியாதி. போய் எண்ணிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க.”

“அதான் நீ எண்ணிட்டியே! வெல்டரும் சொல்லிட்டாரே!”

“உங்க கையெழுத்துக்கு நீங்கதான் எண்ணணும்.”

“மணி வேணாமா உனக்கு?”

“வேணும். சரியா வேணும்.”

ஆந்தைத் தலையைக் கழற்றப் போனேன். “வேஷத்தோட” என்றாள்.

பார்க்கே பின்னால் வந்தது. வெல்டர் என் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் முதலையின் வாய்க்கு எதிரே போட, அவள் காலை நீட்டி அதில் உட்கார்ந்தாள். நான் குனிந்தபோது கூட்டத்தில் யாரோ, “டேய், நாற்காலி சார் எழுந்துட்டாருடா!” என்று கத்தினார்கள். இதுதான் என் இன்னொரு பேர் போலிருக்கிறது. ஆந்தைத் தலை மேல்வரிசைப் பற்களில் சிக்கி, இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளித்தான் உள்ளே போனேன்.

உள்ளே சிமென்ட் சுட்டது. முட்டியை ஊன்றினேன். கீழ் வரிசையின் நடுவில் சரியாக ஒரு முட்டி வைக்கிற அளவுக்குத் தரை வழவழப்பாக இருந்தது. அந்த இரண்டு பல்லும் அங்கே இருந்திருந்தால் அவளுடைய வலது முட்டி நேராக அதன் மேல்தான் விழுந்திருக்கும். முன்பின் தெரியாத ஆட்களின் முட்டியை வெல்டர் நினைத்துப் பார்த்திருக்கிறார். ஆபரேஷன் ஆன முட்டியோடு இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிற நான் நினைக்கவில்லை. அந்த முட்டியைத்தான் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, ஆந்தைக்கு முகம் மாறாது.

ஒவ்வொரு பல்லாகத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். மேலே பன்னிரண்டு, கீழே பத்து.

“இருபத்தி ரெண்டு!” என்று உள்ளிருந்தே கத்தினேன்.

வெளியே, என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் நிதானமாகச் சொன்னாள்.

“இன்னொரு தடவை எண்ணுங்க.”

முதல் பல்லிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.