பூரணம் ஏறாத பிக்கப்

பிக்கப் வாங்கி இருபத்திரண்டு நாளாகியும் என் மனைவி பூரணம் அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை. கோயிலுக்கு பஸ்ஸில் போனாள். காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்து போனாள். கேட்டால், "நான் வரேல்லை, நீங்கள் போங்கோ" என்பதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. முப்பத்துமூன்று வருடம் ரயில்வேயில் நேர அட்டவணை பார்த்தவன் நான். ஒரு வண்டி தாமதம் என்றால் ஏன் தாமதம் என்று காரணம் எழுதாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆகவே இவளுக்கும் நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டேன். வெட்கம்.

அப்படி நினைத்ததில் என்ன பிழை? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஆட்களில் யார் பிக்கப் வைத்திருக்கிறார்? எல்லாரும் கிளார்க், டாக்டர், வாத்தியார். பூரணமே பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் பட்டுச்சேலையோடு உரமூட்டை ஏற்றும் வண்டியிலிருந்து குதித்து இறங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். உண்மையைச் சொன்னால், சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது நானே வண்டியை இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்தினேன்.

ஆனால் நான் பைத்தியக்காரத்தனமாக அதை வாங்கவில்லை. பந்திங்கில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் தென்னை இருக்கிறது. ஓய்வு பெற்றபின் ஊடுபயிராக வாழை வைத்தேன். உரத்தையும் வாழைத்தாரையும் பழைய மோரிஸ் மைனர் காருக்குள் எத்தனை நாள் திணிப்பது? ஒருநாள் மத்தியானம் மோரிஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், சாயங்காலம் பிக்கப்போடு திரும்பினேன். எல்லாம் நாலு மணிநேர வேலை. இவ்வளவு சுறுசுறுப்பா என்று பூரணம் மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாசல் கேட்டருகில் நின்று பார்த்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்து கழுத்தில் நின்றது. பூரணத்தின் தங்கை குணபூசணிக்குக் கிள்ளானில் புதுவீடு குடிபூரல். சொந்தக்காரர் பாதிப்பேர் வருவார்கள். பூரணம் புதன்கிழமையே ஒன்பது மணிக்கு டாக்சி சொல்லிவிட்டாள். நான் பிக்கப்பில், பெண்டாட்டி பின்னால் டாக்சியில். ஊர் சிரிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? அவளை எப்படியாவது அந்த வண்டியில் ஏற்றியாக வேண்டும். அந்த யோசனையில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு சுங்கை வேயில் தம்புசாமியின் கடைக்குப் போனேன். கார், லோரிகளுக்குச் சீட் உறை, விளக்கு, ஹார்ன் எல்லாம் பூட்டிக் கொடுப்பவர் அவர்.

"முதல்ல இந்தக் கண்ணாடியைப் பாருங்க, தம்புசாமி. பின்னால பாக்கிற கண்ணாடி. நான் சரியா வச்சிட்டுப் போய் மத்தியானம் படுத்து எழும்பி வந்தா, கீழ சாஞ்சு கிடக்கு. தினமும் இதே கதை."

தம்புசாமி கண்ணாடியைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. "டைட்டாதான் இருக்கு லா. கடைசியாப் பாத்துக்கலாம் பாஸ். வேற என்னா வேணும்? முன்னாடி கம்பி அடிப்போமா? ஸ்போர்ட் ரிம்? பாட்டுப் பாடற ஹார்ன் ஒண்ணு வந்திருக்கு, அழுத்தினா கம்பத்துச் சனமே திரும்பிப் பாக்கும்."

"சனம் திரும்பிப் பாக்கக்கூடாது, அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று பட்டியலை நீட்டினேன். சீட்டுக்கு வெல்வெட் உறை. ஏறும்போது பிடித்துக்கொள்ள ஒரு பிடி. வெயிலுக்கு ஒரு சின்னக் காற்றாடி. சன்னலுக்குத் திரை.

"திரையா? பிக்கப்புக்கா?"

"யாரும் உள்ள பாக்காம இருக்க. எல்லாம் இடது பக்கத்துக்கு."

"என்னா பாஸ், இடது பக்கம் ஹோட்டல் ரூம் மாதிரி, ஓட்டுற பக்கம் ஒண்ணுமே இல்லையா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானத்துக்குள் முடியுமா என்று கேட்டேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டேன். பிடியைப் பூட்டினார், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். காற்றாடியைப் பூட்டினார், நான் கடைவாசலுக்கும் வண்டிக்குமாக நடந்தேன். திரைத்துணியில் நீலமா பழுப்பா என்று கேட்டார். பூரணத்துக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று யோசித்தேன். தெரியவில்லை. முப்பத்தைந்து வருடக் கல்யாணத்தில் அது எனக்குத் தெரியவில்லை என்பது எரிச்சலாக இருந்தது. நீலம் என்றேன்.

வெல்வெட் உறையை மாட்டுவதற்காகச் சீட்டின் முதுகை முன்னால் சாய்த்தார் தம்புசாமி. அதன் பின்னால் ஜாக்கி இருக்கும் இடம். வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் திறந்ததே இல்லை. ஜாக்கியோடு கோலாலம்பூர் டெலிபோன் புத்தகம் ஒன்றும் ஒரு பச்சைக் குஷனும் வெளியே வந்தன.

அந்தக் குஷனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பிரம்பு நாற்காலியுடையது. இரண்டு வாரமாகக் காணவில்லை. பக்கத்து வீட்டு நாய்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று நான் அந்த வீட்டுக்காரரிடம் சண்டைக்கே போயிருந்தேன்.

தம்புசாமி டெலிபோன் புத்தகத்தை ஓட்டுபவர் இருக்கையில் வைத்து, குஷனை முதுகுக்கு நிறுத்திப் பார்த்தார். பிறகு கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார்.

"பாஸ், கண்ணாடி சாயல. யாரோ திருப்புறாங்க. குள்ளமா இருக்கற ஆளு. உங்க வீட்டுல யாரு?"

"நானும் பூரணமும்தான்."

"அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

பத்தொன்பது வருடம் ஓட்டியவள் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் தோட்டத்துக்கு எடுத்த நாள் போக, அந்த மோரிஸை ஓட்டியது அவள்தான். நான் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறவன். பள்ளிக்கூடம், லைப்ரரி, பாசார், செவ்வாய்க்கிழமை கோயில், எல்லாம் அவளும் அந்தக் காருமாகத்தான். பிக்கப் வந்த அன்று அவள் என்ன செய்தாள் என்று இப்போது நினைவுக்கு வந்தது. காரில் வைத்திருந்த குடையும் மூக்குக்கண்ணாடிக்கூடும் எங்கே என்று மட்டும் கேட்டாள். அதோடு போய்விட்டன என்றேன். சரி என்றாள். தன் சாவிவளையத்திலிருந்து மோரிஸின் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வீட்டில் இனி அது எதற்கு, ஒழுங்கான பெண் என்று நான் நினைத்தேன். நினைத்தேன்! என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

நான் தூங்கும் அந்த இரண்டு மணிநேரத்தில் அவள் வந்து இதில் உட்கார்ந்திருக்கிறாள். கால் எட்டவில்லை. குஷனைக் கொண்டுவந்திருக்கிறாள். முன்னால் தெரியவில்லை, டெலிபோன் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறாள். உயரம் வந்தால் கால் எட்டாது, கால் எட்டினால் உயரம் வராது. கணக்கு டீச்சர் எத்தனை மத்தியானம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாளோ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தம்புசாமி அளவுநாடாவை எடுத்து அளந்தார். "சீட்டு ரெயில்ல புதுசா ஓட்டை போட்டா ரெண்டு இஞ்சு முன்னால வரும். கிளட்ச்சுல ஒரு கட்டை வச்சுக் குடுக்கறேன். காப்பார்ல ஒரு மீன்கார அக்காவுக்கு இப்படித்தான் செஞ்சேன், அவங்க இப்ப பறக்கறாங்க. ஆனா ஒண்ணு பாஸ். இது நீளமா ஒரே சீட்டு. அக்கா முன்னால வந்தா நீங்களும் முன்னால வரணும். உங்க உயரத்துக்கு முட்டி போய் இடிக்கும்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குக் காப்பி குடிக்கப் போனேன். காப்பி வருமுன் எழுந்து திரும்பி வந்தேன். சரி போடுங்கள் என்றேன். அவர் டிரில்லை எடுத்ததும் நில்லுங்கள் என்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாயிருக்கிறதே, சொன்னால் என்ன? எனக்கு ஓட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வெல்வெட்டும் திரையும் எதற்கு? கடையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கக் கேட்க, நீ ஏன் கேட்கவில்லை என்பதே பதிலாக வந்தது. அதற்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்ப வழியில்லை.

"போடுங்க" என்றேன். "இனிமே நான் நில்லுங்கன்னாலும் நிக்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பூரணம் மாம்பழநிறப் பட்டு உடுத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் டாக்சிக்காரனைத் தொலைபேசியில் அழைத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதையும் அவளைக் கேட்காமல்தான் செய்தேன். பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? பிக்கப் சாவியை அவள் பக்கத்தில் மேசையில் வைத்தேன்.

"நான் வரேல்லை எண்டு சொன்னனான்."

"நீர் வரவேண்டாம். நான்தான் வாறன். நீர் ஓட்டும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். பச்சைக் குஷனைப் பிரம்பு நாற்காலியில் திருப்பி வைத்திருந்தேன். அதை அவள் பார்த்தாள். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தாள். கட்டை போட்ட கிளட்ச் தரைவரைக்கும் போயிற்று. மறுபடி மிதித்தாள், மறுபடியும். மூன்றாவது தடவை காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாள். மறுபக்கம் நான் அவளுக்காகப் பூட்டிய பிடியைப் பிடித்து ஏறி, முட்டி இரண்டையும் மடக்கி, வெல்வெட்டில் உட்கார்ந்தேன். அவளுக்காகப் பூட்டிய காற்றாடி என் முகத்தில் அடித்தது. அவள் கண்ணாடியைக் கீழே சாய்த்தாள்.

"ஒவ்வொரு நாளும் திருப்பி வைச்சிட்டுத்தான் இறங்கினனான்" என்றாள். "உங்கட உயரம்தான் எனக்குச் சரியாப் பிடிபடேல்லை."

பெடரல் ஹைவேயில் ஏறும்வரை வண்டி இரண்டு தடவை நின்று போனது. அதன்பிறகு அவள் லோரிகளை முந்த ஆரம்பித்தாள். பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுங்கை வே தாண்டியது. நெஞ்சுக்குள் இருந்ததைச் சொல்லாமல் இன்னும் ஒரு மைல்கூட உட்கார முடியாது போலிருந்தது.

"பூரணம், உம்மைக் கேக்காம மோரிஸை வித்தது பிழை."

அவள் முன்னால் போன பஸ்ஸைத் தாண்டி, பழையபடி இடது ஓரத்துக்கு வந்து, கண்ணாடியைப் பார்த்தாள்.

"கேட்டிருந்தா நானே வித்துப்போட்டு வாங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள். "அது ஓடி முடிஞ்ச கார்தானே."

முட்டி டேஷ்போர்டில் இடித்துக்கொண்டிருந்தது. நீலத் திரை காற்றில் படபடவென்று வந்து என் காதில் அடித்தது.

"பூரணம், இந்தத் திரை வேணுமோ?"

அவள் ஒரு கணம் திரும்பி அதைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள்.

நான் அதைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.