தேதியை மாற்றினால் ரத்து

கண் ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் தேதியை மாற்றப் போனால் ஆபரேஷனே ரத்தாகிவிடுகிறது என்று புகார் வந்திருந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவன் அவன்தான். புகாரைப் படித்ததும் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது.

போன வாரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, நூல் கோக்கச் சொல்லி அவனிடம் ஊசியை நீட்டியபடி அவளும் இதையேதான் சொன்னாள்.

"தேதியை மாத்தத்தான்டா அமுக்கினேன். மாத்தியாச்சு, நன்றின்னு போட்டுச்சு. அப்புறம் பாத்தா ரத்துன்னு மெசேஜ் வருது."

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அமுக்குக்கா. பக்கத்துப் பட்டன்ல கை பட்டிருக்கும்."

அவன் சிரித்தான். அக்காவும் சிரித்தாள், சற்றுத் தாமதமாக.

"இருக்கும்டா. இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு இனிமே என்னத்தத் தைக்கிறது? மெஷினை வித்துட வேண்டியதுதான்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

இப்போது நிரலைத் திறந்து, எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்று பிரித்துவிடும் ஸ்விட்ச் பகுதிக்குப் போனான். அதில் ஒவ்வொரு பட்டனுக்கும் உரிய கேஸ் முடியும் இடத்தில், இத்தோடு நிறுத்து என்று சொல்லும் 'பிரேக்' என்று ஒரு சொல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜாவாஸ்கிரிப்ட் ஏன் என்று கேட்காது. அடுத்த கேஸின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். 'மாற்று' கேஸுக்கு அடுத்தது 'ரத்து'. நடுவில் பிரேக்கைக் காணோம். அது இருந்த இடத்தில் நன்றி சொல்லும் வரி இருந்தது. மேலாளர் கேட்டாரென்று அவசரமாக அவன் ஒட்டிய வரி. திரையில் நன்றி வந்ததைப் பார்த்ததோடு சோதனையை முடித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்துப் பட்டனில் கை பட்டிருந்தால் அக்காவுக்கு அந்த நன்றி வந்திருக்காது. அவள் அதைச் சொல்லத்தான் செய்தாள். அவன் காதில்தான் விழவில்லை.

பிரேக்கைச் சேர்த்து, சோதித்து, ஏற்றினான். பிறகு அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, நீ சரியாத்தான் அமுக்கியிருக்கே. தப்பு நான் எழுதினதுல."

"மெஷினைப் பாக்க ஆள் வந்திருந்தான்டா," என்றாள் அக்கா.

"எடுத்துட்டுப் போயிட்டானா?"

"நாளைக்கு வர்றானாம்."

"வேண்டாம்னு சொல்லிடுக்கா. தேதியை நானே ஆஸ்பத்திரியில பேசி வாங்கறேன்."

"அவனுக்கும் நீயே போன் பண்ணிச் சொல்லிடு," என்றாள் அக்கா. "நான் பண்ணினா பக்கத்துப் பட்டன்ல கை பட்டுடும்."

அவள் சிரித்தாள். இந்த முறை அவனால் சிரிக்க முடியவில்லை.